தாழ்வாரத்தில் வாழும் வரலாறு: ஜெர்மனியின் இரண்டாம் நிலை ஹேண்ட்பால் லீக்

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், மைன் ஆற்றங்கரையில் கிராஸ்வால்ஷ்டாட் என்றோர் ஊர் இருக்கிறது. மக்கள்தொகை ஏறத்தாழ 4,000. நம் கணக்கில் ஒரு நடுத்தரக் கிராமம். இந்தச் சிற்றூரின் அணி 1978 முதல் 1981 வரை தொடர்ந்து நான்கு முறை மேற்கு ஜெர்மனியின் ஹேண்ட்பால் சாம்பியன் பட்டத்தை வென்றது. 1979, 1980 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஐரோப்பியக் கோப்பையைத் தன் ஊருக்குக் கொண்டு சென்றது. 1984லும் 1990லும் மீண்டும் தேசியப் பட்டம். அதே அணி 2013இல் முதல்நிலை லீகிலிருந்து இறக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் மூன்றாம் நிலைக்கும் சென்றது. பின்னர் மெல்ல மெல்ல இரண்டாம் நிலைக்கு ஏறி வந்தது.

விளையாட்டின் வரலாறு பெரும்பாலும் வென்றவர்களின் பட்டியலாகவே எழுதப்படுகிறது. அவ்வாறு எழுதினால் கிராஸ்வால்ஷ்டாட்டின் கதை 1990ஆம் ஆண்டோடு முடிந்துவிடும். அதன்பின் அந்த ஊர் என்ன ஆயிற்று, அந்த அரங்கில் விளக்கு எரிகிறதா, இல்லையா என்பதை அறிய வேண்டுமானால் நாம் வேறொரு பட்டியலைப் புரட்ட வேண்டும். அது இரண்டாம் நிலை லீகின் பட்டியல். அதைப் புரட்டிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். கைப்பந்து என்று எழுதினால் நம் பள்ளி மைதானங்களில் அது வாலிபாலையே குறிக்கும். ஆகவே ஹேண்ட்பால் என்ற சொல்லையே ஆள்கிறோம். 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்ட உள்ளரங்கக் களம். பக்கத்திற்கு ஏழு பேர். 60 நிமிட ஆட்டம். கையால் பந்தை எறிந்து கோல் போடுவது. இவ்வளவுதான் ஆட்டம். ஓர் அணி ஓர் ஆட்டத்தில் 25, 30 கோல்கள் போடுவது சாதாரணம்.

இந்த ஆட்டம் எவ்வாறு பிறந்தது என்பதை அறியாமல், அது ஏன் சிற்றூர்களில் வேர்விட்டது என்பது விளங்காது. டென்மார்க்கின் ஆசிரியர் ஹோல்கர் நீல்சன் 1906இல் ஒரு விதித்தொகுப்பை வெளியிட்டிருந்தார். ஜெர்மனியில் 1917 அக்டோபர் 29ஆம் நாள் பெர்லினைச் சேர்ந்த மாக்ஸ் ஹைசர் பெண்களுக்கான ஆட்டமாக இதற்கு விதிகளை வகுத்தார். 1919இல் கார்ல் ஷெலென்ஸ் அவ்விதிகளைத் திருத்தி ஆண்களும் ஆடத்தக்க வேகமான ஆட்டமாக மாற்றினார். அன்று அது கால்பந்துத் திடலில், பக்கத்திற்குப் பதினொருவர் ஆடிய வெளிக்கள ஆட்டம். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஆடப்பட்டதும் அதுவே. இறுதியாட்டத்தில் ஜெர்மனி ஆஸ்திரியாவை 10-6 என்று வென்றது.

இவ்வாட்டத்தைத் தோளில் சுமந்தவை கால்பந்துக் கழகங்களைவிட உடற்பயிற்சிச் சங்கங்களே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஊர்தோறும் தோன்றிய சங்கங்கள் அவை. இன்றும் அணிகளின் பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் டிவி, டிஎஸ்வி, விஎஃப்எல் முதலான எழுத்துகள் அச்சங்கங்களின் சுருக்கப் பெயர்களே. விஎஃப்எல் கும்மர்ஸ்பாக் தன் பிறப்பாண்டாக 1861ஐக் காட்டுகிறது. ஹேண்ட்பால் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே சங்கம் பிறந்துவிட்டது. பெருநகரங்களைக் கால்பந்து பிடித்துக்கொண்டது. சிறுநகரங்களிலும் கிராமங்களிலும், சங்கத்துக்கு ஒரு கூடமும் ஓர் ஆர்வமுள்ள உடற்பயிற்சி ஆசிரியரும் இருந்த இடங்களில் ஹேண்ட்பால் தழைத்தது. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஆட்டம் திடலை விட்டு அரங்குக்குள் நுழைந்தது. வெளிக்கள ஆட்டத்தின் கடைசி உலகப் போட்டி 1966இல் நடந்தது. மேற்கு ஜெர்மனியே அதை வென்றது.

அதே 1966இல்தான் உள்ளரங்க ஹேண்ட்பாலுக்குப் புண்டஸ்லிகா என்னும் தேசிய லீக் தொடங்கியது. வடக்கு, தெற்கு என இரண்டு பிரிவுகள். இரு பிரிவின் முதல்வர்களும் இறுதியில் மோதுவார்கள். முதல் பட்டம் கும்மர்ஸ்பாக்கிற்கு. 1977-78 பருவத்திலிருந்து இரண்டும் ஒரே பிரிவாக இணைக்கப்பட்டன. இந்த இணைப்பே இரண்டாம் நிலையின் தேவையை உண்டாக்கியது எனலாம். நாடு முழுவதற்கும் ஒரே உயர்நிலைப் பிரிவு என்றானபோது, அதற்கும் வட்டார லீகுகளுக்கும் இடையே பெரும்பள்ளம் விழுந்தது. பக்கத்து ஊர் அணிகளோடு ஆடிக்கொண்டிருந்த ஒரு சங்கம் ஒரே எட்டில் ஐரோப்பிய சாம்பியனை எதிர்கொள்ள வேண்டும். இடையே ஒரு படி வேண்டியிருந்தது. 1981-82 பருவத்தில் அந்தப் படி கட்டப்பட்டது. இரண்டாம் புண்டஸ்லிகா என்று பெயர். அதுவும் வடக்கு, தெற்கு என்றே பிரிந்திருந்தது.

இந்தப் பிரிவினைக்குக் காரணம் வெளிப்படையானது. இரண்டாம் நிலை வீரர்களில் பெரும்பாலோர் பகலில் வேறு தொழில் பார்ப்பவர்கள் அல்லது படிப்பவர்கள். சனிக்கிழமை மாலை ஆட்டம் முடிந்து இரவோடிரவாகப் பேருந்தில் திரும்பியாக வேண்டும். டென்மார்க் எல்லையிலிருந்து ஆல்ப்ஸ் அடிவாரம் வரை ஓடுவதற்கு அவர்களுக்கு நேரமில்லை, சங்கத்திடம் பணமுமில்லை. ஆகவே முப்பது ஆண்டுகள் இந்த லீக் வட்டாரத் தன்மையை இழக்காமல் இருந்தது. எதிரணியின் ஊர், பார்வையாளர்கள் தாமும் காரில் போய்வரத்தக்க தொலைவில் இருந்தது. பகையும் உறவும் ஒருங்கே வளர அது இடம் தந்தது.

1990இல் நாடு ஒன்றுபட்டது. அதன் விளைவை இந்த லீகின் ஏடுகளில் வாசிப்பது ஒரு தனி அனுபவம். கிழக்கு ஜெர்மனியின் ஹேண்ட்பால் சாதாரணமானதன்று. லைப்சிக்கின் டிஎச்எஃப்கே 1966இலும், பிராங்க்பர்ட் ஆன் டெர் ஓடரின் ராணுவ அணி 1975இலும், மாக்டபர்க் 1978, 1981 ஆகிய ஆண்டுகளிலும் ஐரோப்பியக் கோப்பையை வென்றிருந்தன. ரோஸ்டாக் துறைமுக நகரின் எம்போர் அணி பத்து முறை கிழக்கின் சாம்பியன். அரசு தந்த ஆதரவில் வளர்ந்த இக்கழகங்கள் 1991இல் மேற்கின் லீக் அமைப்புக்குள் கொண்டுவரப்பட்டன. ஆதரவு ஒரே நாளில் நின்றது. நல்ல வீரர்கள் மேற்கின் சம்பளத்தை நாடிச் சென்றனர்.

கிழக்கின் கடைசி சாம்பியனான மாக்டபர்க் மட்டும் உயர்நிலையில் நிலைத்தது. 2001இல் தேசியப் பட்டத்தையும் 2002இல் சாம்பியன்ஸ் லீகையும் வென்றது. மற்றவை சரிந்தன. ரோஸ்டாக் பல ஆண்டுகளை இரண்டாம், மூன்றாம் நிலைகளில் கழித்தது. லைப்சிக்கின் பழைய பெயர் 2007இல் ஏறக்குறைய அடித்தளத்திலிருந்து மீண்டும் தொடங்கி, 2015இல் இரண்டாம் நிலையின் சாம்பியனாகி முதல்நிலைக்கு ஏறியது. ஒரு நாடு மறைந்தபின் அதன் விளையாட்டு மரபு எங்கே போய் ஒதுங்கியது என்று கேட்டால், அதில் ஒரு பகுதி இந்தத் தாழ்வாரத்தில்தான் ஒதுங்கியது என்று சொல்ல வேண்டும்.

ஒதுங்க வந்தவர்கள் கிழக்கிலிருந்து மட்டும் வரவில்லை. கோப்பிங்கன் நகரின் ஃபிரிஷ் ஆஃப் கழகம் 1960லும் 1962லும் ஐரோப்பியக் கோப்பையை வென்ற அணி. அந்தரத்தில் எழும்பி, தரையைத் தொடுமுன் பந்தைப் பிடித்து அங்கேயே எறியும் உத்திக்குத் தன் பெயரைத் தந்த பெர்னார்ட் கெம்பாவின் அணி. இன்று உலகெங்கும் சிறுவர்கள் பழகும் உத்தி அது. அந்தக் கழகம் 1989இல் இறங்கியது. 2001 வரை, முழுதாகப் பன்னிரண்டு ஆண்டுகள், இரண்டாம் நிலையில் இருந்தது. ஒரு தலைமுறைச் சிறுவர்கள் தம் ஊர் அணி உயர்நிலையில் ஆடியதைப் பாராமலே வளர்ந்தார்கள். ஆயினும் அரங்கம் காலியாகவில்லை. திரும்பி வந்த கோப்பிங்கன் 2011, 2012, 2016, 2017 என நான்கு முறை ஐரோப்பாவின் இரண்டாவது பெரிய கோப்பையை வென்றது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளை வீணான காலம் என்று எண்ணுவது சரியாகாது. சங்கம் சிதையாமல் காக்கப்பட்ட காலம் அது.

இறக்கம் களத்தில் மட்டும் நிகழ்வதில்லை. ஆண்டுதோறும் ஒவ்வொரு கழகமும் தன் வரவுசெலவைக் காட்டி உரிமம் பெற வேண்டும். உரிமம் மறுக்கப்பட்டால் அட்டவணையில் எந்த இடத்திலிருந்தாலும் பயனில்லை. எஸ்ஸன் நகரில், குருப் ஆலைக் குடும்பத்தின் அறக்கட்டளை எழுப்பிய மார்கரெட்டன்ஹோஹெ குடியிருப்பில் பிறந்த துசெம் அணி 1986, 1987, 1989 ஆண்டுகளின் சாம்பியன். 2005இல் அது ஒரு ஐரோப்பியக் கோப்பையை வென்றது. அதே ஆண்டிலேயே பணமின்றி உரிமத்தை இழந்து மூன்றாம் நிலைக்குப் போயிற்று. நெசவாலைகளால் வளர்ந்து, ஆலைகள் மூடப்பட்டபோது தளர்ந்த நோர்ட்ஹோர்ன் நகரின் அணி அதே கோப்பையை 2008இல் வென்றது. 2009இல் திவாலாகி இரண்டாம் நிலைக்கு இறங்கியது. கோப்பை கையில், கஜானா காலி. இரண்டு ஊர்களின் கதையும் ஒன்றே.

பெருநகரமும் இதற்கு விலக்கன்று. ஹாம்பர்க் அணியின் கதை தலைகீழாகத் தொடங்குகிறது. 2002இல் பாட் ஷ்வார்ட்டாவ் என்னும் சிறுநகர அணியின் உரிமம் ஹாம்பர்க்கிற்கு மாற்றப்பட்டது. ஒரு செல்வந்தரின் பணத்தில் வளர்ந்து 2011இல் தேசியப் பட்டம், 2013இல் சாம்பியன்ஸ் லீக். 2016 ஜனவரியில் பருவத்தின் நடுவிலேயே அணி கலைக்கப்பட்டது. பின்னர் மூன்றாம் நிலையில் தொடங்கி, 2018இல் இரண்டாம் நிலைக்கு ஏறி, 2021இல் அதன் சாம்பியனாக முதல்நிலைக்குத் திரும்பியது. முதன்முறை பணத்தால் வாங்கிய இடத்தை இரண்டாம் முறை படிப்படியாக ஏறிப் பெற்றது. எல்லோருக்கும் இது வாய்க்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1992, 1993 ஆண்டுகளின் சாம்பியனான வல்லாவ்-மாஸன்ஹைம் 2005இல் திவாலானது. அதன்பின் புண்டஸ்லிகாவுக்கு அது திரும்பவேயில்லை.

இவற்றுக்கெல்லாம் சிகரமாக அமைந்தது 2019. பன்னிரண்டு தேசியப் பட்டங்களும் ஐந்து ஐரோப்பியக் கோப்பைகளும் கொண்ட கும்மர்ஸ்பாக், 1966இல் லீக் தொடங்கிய நாள் முதல் ஒரு பருவம்கூட விடாமல் உயர்நிலையில் ஆடிய கடைசி அணி. 2007இல் ஜெர்மனியை உலக சாம்பியனாக்கிய பயிற்சியாளர் ஹைனர் பிராண்ட் பிறந்த ஊர், அவர் ஆடிய அணி. 2019 ஜூன் 9ஆம் நாள், பருவத்தின் கடைசி ஆட்டத்தில் அது பீட்டிக்ஹைமில் 25-25 என்று சமன் செய்தது. அந்தச் சமநிலை போதவில்லை. இரண்டு அணிகளும் சேர்ந்தே இறங்கின. மூன்று ஆண்டுகள் கழித்து, ஐஸ்லாந்தின் முன்னாள் வீரர் குட்யோன் வாலூர் சிகுர்ட்சனின் பயிற்சியில், 2022இல் இரண்டாம் நிலையின் சாம்பியனாகக் கும்மர்ஸ்பாக் மீண்டது. பழம்பெருமை அங்கே எந்தச் சலுகையையும் பெற்றுத் தரவில்லை. மற்ற அணிகளைப் போலவே அதுவும் சிறு அரங்குகளில் ஆடி, புள்ளி சேர்த்துத்தான் வந்தது.

இனி, கீழிருந்து மேலே போனவர்களைப் பார்ப்போம். டென்மார்க் எல்லையருகே இருக்கும் பிளென்ஸ்பர்க்-ஹாண்டெவிட் 1992இல் இரண்டாம் நிலையிலிருந்து ஏறியது. பின்னர் மூன்று தேசியப் பட்டங்களும், 2014இல் சாம்பியன்ஸ் லீகும் வென்றது. குரோனாவ், ஓஸ்ட்ரிங்கன் என்னும் இரண்டு சிற்றூர்களின் கூட்டணி 2003இல் ஏறி, மறு ஆண்டே இறங்கி, 2005இல் மீண்டும் ஏறியது. 2007இல் ரைன்-நெக்கர் லோவன் என்று பெயர் மாற்றிக்கொண்ட அவ்வணியே 2016, 2017 ஆண்டுகளின் சாம்பியன். பெர்லினின் ஃபியூக்ஸெ அணி 2005இல் இரண்டாம் நிலையில் தடுமாறிக்கொண்டிருந்தது. அவ்வாண்டு பாப் ஹானிங் அதன் நிர்வாகத்தை ஏற்றார். 2007இல் ஏற்றம். 2025இல் வரலாற்றில் முதன்முறையாகத் தேசியப் பட்டம். இம்மூன்று அணிகளின் முதல் அத்தியாயமும் இந்த லீகிலேயே எழுதப்பட்டது.

இனி அமைப்பு மாறிய கதைக்கு வருவோம். 2010இல் பழைய வட்டார லீகுகள் மூன்றாம் லீகாக மாற்றியமைக்கப்பட்டன. 2011-12 பருவத்தில் இரண்டாம் நிலையின் வடக்கு, தெற்குப் பிரிவுகள் கலைக்கப்பட்டு, நாடு முழுவதற்குமாக 20 அணிகள் கொண்ட ஒரே பிரிவு உண்டாயிற்று. ஓர் அணிக்கு 38 ஆட்டங்கள். மேலே தொழில்முறை, கீழே பகுதிநேரம் என்றிருந்த கோடு இதனால் ஒரு படி கீழே நகர்ந்தது. ஆலைப் பணியும் ஆட்டமும் என்றிருந்த வீரருக்கு இனி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நெருக்கடி. ஆட்டத்தின் தரம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. பக்கத்து ஊர்ப் போட்டிகள் குறைந்தன என்பதும் உண்மையே. 2023-24 பருவத்திலிருந்து அணிகள் 18 ஆகக் குறைக்கப்பட்டு ஆட்டங்கள் 34 ஆயின.

ஒற்றைப் பிரிவின் முதல் ஆண்டில் மிண்டன், நொய்ஹவுசன், எஸ்ஸன் ஆகிய மூன்றும் ஏறின. அடுத்த ஆண்டே நொய்ஹவுசனும் எஸ்ஸனும் இறங்கின. அவற்றோடு சேர்ந்து இறங்கியதுதான் நாம் தொடக்கத்தில் கண்ட கிராஸ்வால்ஷ்டாட். 2018 முதல் ஏறும் அணிகள் மூன்றிலிருந்து இரண்டாயின. கொரோனாவால் 2020 ஏப்ரலில் பருவம் நடுவே நிறுத்தப்பட்டபோது கோபர்க், எஸ்ஸன் ஆகிய இரண்டும் ஏறின. ஓராண்டில் இரண்டும் இறங்கின. 2024இல் ஏறிய போட்ஸ்டாமும் பீட்டிக்ஹைமும் 2025இல் இறங்கின. சுவாபிய மலைநாட்டின் பாலிங்கன் அணியை ஆஸ்டெரிக்ஸ் கதைகளில் வரும் கால் கிராமத்தோடு ஒப்பிட்டு 'மலைநாட்டுக் காலியர்' என்று செல்லமாக அழைப்பார்கள். அந்த அணி 2017இல் இறங்கியது, 2019இல் ஏறியது, 2022இல் இறங்கியது, 2023இல் ஏறியது, 2024இல் மீண்டும் இறங்கியது. ஏற்றக்காலில் ஏறியிறங்கி நீர் இறைப்பவரைப் போன்ற வாழ்க்கை.

இந்த வரிசையில் ஒரு செய்தி அடங்கியிருக்கிறது. படி என்று கட்டப்பட்டது, மெல்ல மெல்லச் சுவராக மாறிவருகிறதோ என்னும் அச்சமே அது. மேல்நிலையில் பெரும் அரங்கும் பெரும் புரவலரும் கொண்ட அணிகள் நிலைபெறுகின்றன. 2024 ஐரோப்பியப் போட்டியின் தொடக்க ஆட்டத்தைக் காண டுசெல்டார்ஃப் கால்பந்து அரங்கில் 53,586 பேர் கூடினார்கள். கிராஸ்வால்ஷ்டாட் போன்ற பதின்மூன்று ஊர்களின் மொத்த மக்கள்தொகை அது. ஆட்டம் இந்த அளவுக்கு வளர்ந்தபின், 4,000 பேர் கொண்ட ஊர் மீண்டும் ஐரோப்பாவை வெல்லுமா என்று கேட்டால் பெரும்பாலும் வெல்லாது என்பதே நேர்மையான விடை.

எனில் இரண்டாம் நிலை எதற்கு? மேலே போகக் காத்திருக்கும் கூடம் என்று மட்டும் அதைக் கருதினால், ஏறியவர் ஓராண்டில் திரும்பும்போதெல்லாம் அது தோல்வியாகவே தெரியும். நாம் அதை வேறு விதமாகக் காண விரும்புகிறோம். முதல்நிலை லீக் இன்றைய பணத்தின் வரைபடம். இரண்டாம் நிலை, ஆட்டம் எங்கெங்கே பிறந்து வளர்ந்ததோ அந்த ஊர்களின் வரைபடம். கோப்பிங்கனின் பன்னிரண்டு ஆண்டுகளும், லைப்சிக்கின் மீட்சியும், கும்மர்ஸ்பாக்கின் மூன்று ஆண்டுகளும் அங்கேதான் நிகழ்ந்தன. அந்தத் தாழ்வாரம் இல்லையென்றால் இறங்கியவர்கள் வட்டார ஆட்டங்களில் கரைந்து போயிருப்பார்கள். அவர்களோடு அவ்வூர்களின் சிறுவர் அணிகளும், ஞாயிறு காலைப் பயிற்சிகளும், தலைமுறை தலைமுறையாகச் சீட்டுக் கிழித்தவர்களும் போயிருப்பார்கள்.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த நோக்கு புதிதன்று. வெண்ணிப் போரில் தோற்று, புறப்புண் நாணி வடக்கிருந்த சேரனை, வென்ற கரிகாலனை நோக்கிப் பாடும்போதே உயர்த்திச் சொன்னவர் வெண்ணிக்குயத்தியார். அப்பாட்டைப் புறநானூறு போற்றி வைத்திருக்கிறது. வென்றவர் பெயர் எப்படியும் நிற்கும். தோற்றவர் பெயர் நிற்க யாரேனும் ஓர் ஏட்டில் இடம் ஒதுக்க வேண்டியிருக்கிறது. ஜெர்மன் ஹேண்ட்பாலில் அந்த ஏடு இரண்டாம் புண்டஸ்லிகா. 2025இல் பெர்லினில் முதல் பட்டத்தைக் கொண்டாடியவர்களுள் மூத்தவர்கள், 2005இன் அந்தத் தடுமாற்றத்தையும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். பட்டியலின் முதல் வரியை மட்டும் வாசிப்பவருக்கு அந்த மகிழ்ச்சியின் முழு அளவும் எட்டாது.